‘கேமரா’ என்றால் அறை: ஒரு லத்தீன் சொல்லும் அது பல மொழிகளில் எடுத்த பொருள்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீனில் இந்தச் சொல்லுக்கு முதலில் என்ன பொருள்?

வளைந்த கூரை. கிரேக்கத்தில் ‘கமாரா’ என்றால் வில்போல் வளைந்த மூடி உடைய எதுவும்: வளைவுக் கூரை, மூடு வண்டி, கூண்டு வைத்த படகு. லத்தீன் அதை எடுத்துக்கொண்டு ‘கமரா’ என்றும் ‘கமெரா’ என்றும் எழுதியது. கட்டடக்கலை பற்றி எழுதிய விட்ருவியஸ் தம் ஏழாம் புத்தகத்தில் இதை எப்படிச் செய்வது என்றே சொல்லித்தருகிறார். மரச்சட்டங்களை இரண்டு அடிக்கு மேல் இடைவெளி விடாமல் வளைவாக நிறுத்த வேண்டும். சைப்ரஸ் மரம் நல்லது, ஃபிர் மரம் சீக்கிரம் உளுத்துவிடும். சட்டங்களின் அடியில் நசுக்கிய நாணலைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் சுண்ணம் பூச வேண்டும். இந்தப் பூச்சுக் கூரைதான் அவருடைய கமரா. இதில் ‘அறை’ என்ற பொருள் இன்னும் வரவில்லை.

கூரையின் பெயர் கூரைக்குக் கீழுள்ள இடத்துக்கு மாறியது பிற்கால லத்தீனில். அதற்கு முன் ரோமானியர் படுக்கையறையை ‘குபிகுலும்’ என்றார்கள். பின்னர் வந்த ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல் தேய்ந்து போக, கமெரா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அறை எப்படிப் படம்பிடிக்கும் கருவி ஆயிற்று?

நடுவில் ஒரு சொல் உதிர்ந்துபோனதால். முழுப்பெயர் ‘கமெரா ஒப்ஸ்கூரா’, அதாவது இருட்டறை. இந்தத் தொடரை அச்சில் முதலில் பயன்படுத்தியவர் வானியலாளர் கெப்லர், 1604இல் வெளிவந்த ஒளியியல் நூலில். அவர் சொன்னது ஆள் உள்ளே நிற்கக்கூடிய மெய்யான அறையைத்தான்.

வேண்டுமானால் யாரும் செய்து பார்க்கலாம். வெயில் விழும் தெருவையோ மரங்களையோ பார்த்த சன்னலைக் கறுப்புத் துணியாலும் அட்டையாலும் ஒளி புகாமல் மூடுங்கள். அட்டையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விட்டத்தில் ஓட்டை போடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவர் இருந்தால் போதும். இல்லையென்றால் வேட்டியைக் கட்டித் தொங்கவிடலாம். வெளியே உள்ள காட்சி வண்ணத்தோடு தலைகீழாகவும் இடவலம் மாறியும் அதில் விழும். பெரும்பாலும் தவறுவது இரண்டு இடங்களில். சன்னல் விளிம்பில் ஒளி கசிந்தால் படம் வெளுத்துவிடும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து பத்து நிமிடம் ஆகும், அதற்குள் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று கிளம்பிவிடுவார்கள். ஓட்டை ஐந்து சென்டிமீட்டர் ஆனால் வெறும் வெளிச்சத் திட்டுதான் மிஞ்சும். அரை சென்டிமீட்டர் ஆக்கினால் படம் கூர்மையாகும், ஆனால் மங்கும்.

இந்த அறை பிறகு சுருங்கத் தொடங்கியது. 1620 வாக்கில் கெப்லரே நிலக்காட்சி வரையச் சிறு கூடாரம் ஒன்றை வைத்திருந்தார். 1685இல் யோகான் சான் கையில் தூக்கிச் செல்லும் பெட்டி வடிவங்களைப் படம் போட்டுக் காட்டினார். 1820களில் நியெப்ஸ் அந்தப் பெட்டிக்குள் ஒளி உணரும் தகட்டை வைத்தார். 1839இல் தகேர் என்பவரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆள் வெளியேறித் தகடு உள்ளே போன பிறகும் பெயர் மாறவில்லை. ‘இருட்டு’ மட்டும் உதிர்ந்தது, ‘அறை’ நின்றது.

‘கமெரா லூசிடா’ என்று படம் வரையத் துணைசெய்யும் கருவி இன்னொன்று உண்டு. 1806இல் வொலஸ்டன் காப்புரிமை பெற்றது. பெயருக்கு ‘ஒளியறை’ என்று பொருள், ஆனால் அதில் அறையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு தண்டில் பொருத்திய முப்பட்டகம், அவ்வளவே. இருட்டறைக்கு எதிராக வேடிக்கையாக வைத்த பெயர்.

அரபியிலிருந்து வந்த சொல் என்று இணையத்தில் படித்தோமே?

தவறு, ஆனால் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் தவறு. இப்னு அல்-ஹைதம் பதினோராம் நூற்றாண்டில் இருட்டறையில் ஒளி விழும் விதத்தை ஆராய்ந்தது உண்மை. இந்தத் துறையில் அவருக்குள்ள இடத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் பயன்படுத்திய தொடர் ‘அல்-பைத் அல்-முழ்லிம்’, அதாவது இருண்ட வீடு. ‘கமரா’ என்ற லத்தீன் சொல்லோ அவருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே ரோமில் கூரைக்குப் பெயராக இருந்தது. பெருமை ஆய்வுக்கு உரியது. சொல்லின் பிறப்போடு அதைக் கட்ட வேண்டியதில்லை.

பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர்’, ஆங்கிலத்தில் ‘சேம்பர்’. நடுவில் அந்த ‘ப்’ எங்கிருந்து வந்தது?

வாயிலிருந்து. லத்தீனில் அழுத்தம் முதல் அசையில்: க-மெ-ரா. நடு உயிர் வலுவிழந்து விழுந்ததும் ‘ம்’மும் ‘ர்’ரும் ஒட்டிக்கொண்டன. ‘ம்’ சொல்லும்போது உதடு மூடியிருக்கும், காற்று மூக்கு வழியே போகும். ‘ர்’ருக்கு உதடும் திறக்க வேண்டும், மூக்கு வழியும் அடைய வேண்டும். மூக்கு ஒரு நொடி முந்தி அடைந்துவிட்டால் இடையில் தானாகவே ஒரு ‘ப்’ வெடிக்கும். லத்தீன் ‘நுமெருஸ்’ பிரெஞ்சில் ‘நோம்ப்ர்’ ஆனதும் இதே வழியில்தான். முதலெழுத்து க-வும் பிரெஞ்சில் ச-வாகி, பிறகு ஷ-வாக மென்மையானது. ஆங்கிலம் ச நிலையிலேயே கடன் வாங்கிக்கொண்டதால் அங்கே சேம்பர்.

தமிழிலும் இந்த ‘ம்ப’ உண்டு. அது கீழே வருகிறது.

ஒரே மொழியில் இந்தச் சொல் இரண்டு மூன்று வடிவங்களில் இருப்பது ஏன்?

இரண்டு முறை வந்ததால். முதல் வருகை பழையது: பேச்சு வழியாகவும் கோயில், அரண்மனை வழியாகவும் ‘அறை’ என்ற பொருளில். இரண்டாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கருவியின் பெயராக. இந்த இரண்டும் மோதியபோது ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு வழி கண்டது. அதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

சில மொழிகள் எழுத்தைப் பிரித்தன. ஜெர்மனில் ‘கம்மர்’ சிறு அறை, ‘காமெரா’ கருவி. டச்சில் க-வுக்கு ஒரு எழுத்தில் தொடங்கினால் அறை, வேறு எழுத்தில் தொடங்கினால் கருவி. ஹங்கேரியில் மூன்று வடிவம்: ‘கம்ரா’ என்றால் சாமான் வைக்கும் உள்ளறை, ‘கமரா’ என்றால் தொழில்முறைச் சங்கம், ‘கமெரா’ என்றால் கருவி. நவீன கிரேக்கத்திலும் மூன்று: ‘காமரா’ அறை, ‘கமாரா’ வளைவு, ‘காமெரா’ கருவி. அறைக்கும் வளைவுக்கும் இடையே அழுத்தம் விழும் இடம் மட்டுமே வேறுபாடு. தெஸலோனிகியில் ‘கமாரா’ என்று சொன்னால் கலேரியஸ் பேரரசரின் வெற்றி வளைவைத்தான் காட்டுவார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருள் அங்கே இன்னும் தெருப்பெயர்போலப் புழங்குகிறது.

சில மொழிகள் கருவிக்கு வேறு சொல் தேடிக்கொண்டன, இத்தாலி அப்படி. ஸ்பானிஷும் ரஷ்யனும் பிரிக்காமல் பல பொருள்களை ஒரே சொல்லில் ஏற்றிவிட்டன. குழப்பமெல்லாம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

இத்தாலியில் ‘காமெரா’ என்று கேட்டால் என்ன கொடுப்பார்கள்?

விடுதியில் கேட்டால் அறைச் சாவி. ‘காமெரா சிங்கோலா’ ஒருவருக்கு, ‘காமெரா தோப்பியா’ இருவருக்கு, ‘மாத்ரிமோனியாலே’ பெரிய ஒற்றைக் கட்டிலோடு. தோப்பியாவும் மாத்ரிமோனியாலேயும் ஒன்றல்ல. முன்பதிவில் ஒன்றைக் கேட்டு மற்றதைப் பெறுவது வழக்கமான தவறு. தோப்பியா என்றால் இருவர் என்பது உறுதி, எத்தனை கட்டில் என்பது உறுதியில்லை. இரண்டு தனிக்கட்டில் வேண்டுமென்றால் அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படக்கருவிக்கு ‘மாக்கினா ஃபோட்டோகிராஃபிகா’ என்றோ ‘ஃபோட்டோகாமெரா’ என்றோ சொல்ல வேண்டும். அசையும் படமென்றால் ‘வீடியோகாமெரா’, தொலைக்காட்சிக்கும் கண்காணிப்புக்கும் ‘டெலெகாமெரா’. காவல் நிலையத்தில் கருவி திருட்டுபோனதைச் சொல்லப் போய்க் ‘காமெரா’ என்று மட்டும் சொன்னால், அறையில் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்பார்கள்.

செய்தித்தாளில் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘காமெரா’ நாடாளுமன்றக் கீழவை. 2022 தேர்தல் முதல் அதில் 400 உறுப்பினர்கள். அதற்கு முன் 630. ‘காமெரா அங்கீகரித்தது’ என்ற தலைப்பை இயந்திர மொழிபெயர்ப்பு படக்கருவி அங்கீகரித்ததாக மாற்றிவிடும் வாய்ப்பு உண்டு. ‘காமெரா அர்தெந்தே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எரியும் அறை. உண்மையில் தலைவர்களின் உடலை அஞ்சலிக்கு வைக்கும் அறை. மெழுகுவத்தி எரியும் அறை என்பதுதான் உள்ளர்த்தம்.

ஸ்பானிஷ் ‘காமரா’வை எப்படிப் பிரித்தறிவது?

தனியாக நின்றால் முடியாது, அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஃபோட்டோகிராஃபிகா’ வந்தால் கருவி. ‘தெ திபுதாதோஸ்’ வந்தால் நாடாளுமன்ற அவை. ‘தெ கொமெர்சியோ’ வந்தால் வணிகர் சங்கம். ‘ஃப்ரிகோரிஃபிகா’ வந்தால் குளிர்பதன அறை. ‘தெ ஐரே’ வந்தால் சக்கரத்தின் டியூப். ‘லெந்தா’ என்று வந்தால் அறையும் இல்லை, அவையும் இல்லை: மெதுவாக ஓட்டிக் காட்டும் திரைக்காட்சி.

பழைய ஆவணங்களில் இன்னொரு பொருள் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது: அரசரின் அந்தரங்க அறை. கோயா 1789இல் ‘பிந்தோர் தெ காமரா’ ஆனார் என்றால் கேமரா ஓவியர் ஆனார் என்று பொருளல்ல, அரண்மனை ஓவியர் ஆனார். ‘மெதிகோ தெ காமரா’வும் அப்படியே அரச மருத்துவர்.

மெக்சிகோவில் இளைஞர்கள் ‘காமரா!’ என்று தனியாகச் சொன்னால் ‘சரி, ஆகட்டும்’. ‘ரெகாமரா’ அங்கே படுக்கையறை. ஸ்பெயினில் துப்பாக்கியின் தோட்டா அடைக்கும் பகுதி. இந்த வேறுபாட்டை வீடு பார்க்கப் போகுமுன் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

போர்ச்சுகீசில்?

போர்ச்சுகலில் ‘காமரா முனிசிபால்’ என்றால் நகர நிர்வாகம்; அதன் தலைவர்தான் மேயர். பிரேசிலில் அதே பெயர் நகராட்சி மன்றத்துக்கு, அதாவது சட்டமியற்றும் அவைக்கு. நிர்வாகம் ‘ப்ரெஃபெய்த்தூரா’, மேயர் ‘ப்ரெஃபெய்த்தோ’. ஆகவே ‘காமராவின் தலைவர்’ என்ற தொடரைப் பெயர்க்குமுன் ஆவணம் எந்த நாட்டுடையது என்று பார்ப்பது கட்டாயம். கருவிக்குப் பிரேசிலில் நடு எழுத்தை மாற்றிக் ‘காமெரா’ என்று எழுதுவார்கள். போர்ச்சுகலில் இரண்டும் ஒன்றே.

பிரெஞ்சுக்காரர்கள் ‘காமெரா’ என்றால் புகைப்படக் கருவியா?

இல்லை. பிரெஞ்சில் ‘கமெரா’ திரைப்பட, காணொளிக் கருவிக்கு மட்டும். நிலைப்படம் எடுப்பது ‘அப்பரெய் ஃபோட்டோ’. போலிஷும் துருக்கியும் இப்படியே பிரிக்கின்றன: போலிஷில் நிலைப்படத்துக்கு ‘அப்பராத்’, துருக்கியில் ‘ஃபோட்டோராஃப் மக்கினெசி’.

‘ஷாம்ப்ர்’ என்றால் படுக்கையறை. வீட்டின் எல்லா அறைக்கும் பொதுச்சொல் ‘பியெஸ்’. ‘மூன்று பியெஸ் வீடு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மூன்று படுக்கையறை என்று எண்ணினால் ஏமாற்றம்தான்: சமையலறையையும் குளியலறையையும் நீக்கி எண்ணியதில் கூடமும் ஒன்று, ஆகப் படுக்கையறை இரண்டே. நீதிமன்றப் பிரிவுக்கும் ஷாம்ப்ர் என்றே பெயர். ‘ஷாம்ப்ரே’ என்ற வினையும் உண்டு: நிலவறையிலிருந்து எடுத்த மதுவை அறையின் வெப்பத்துக்குக் கொண்டுவருவது. பேச்சுவழக்கில் அதே வினைக்கு ஒருவரைக் கிண்டலடிப்பது என்று பொருள்.

ரஷ்யாவில் ‘காமெரா’ சிறையறையா?

சிறையறையும்தான். படக்கருவி, சிறையறை, மிதிவண்டி டியூப், பந்தின் உட்பை எல்லாவற்றுக்கும் ‘காமெரா’. ரயில் நிலையத்தில் ‘காமெரா ஹ்ரனேனியா’ என்ற பலகை பயமுறுத்த வேண்டாம், மூட்டை முடிச்சு வைக்கும் இடம்.

ஆனால் நாடாளுமன்ற அவைக்கு ரஷ்யனில் இந்தச் சொல்லைப் போட்டால் விபரீதம். மேலவை ‘வேர்ஹ்னயா பலாத்தா’. காமெரா என்று பெயர்த்தால் ‘மேல்மாடிச் சிறையறை’ என்று சிரிப்பார்கள். பலாத்தா வந்தது வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து: பலாதியும், அரண்மனை. அதே பலாத்தா மருத்துவமனையின் நோயாளர் அறையும்கூட. வீட்டு அறை ‘கோம்னத்தா’. இதுவும் லத்தீன் வழிதான், ஆனால் கமெராவின் உறவல்ல. அடுப்பு, கணப்பு என்று பொருள்படும் ‘கமினுஸ்’ வழிப் பிறந்தது, கணப்புள்ள அறை.

சுருதி பார்க்கத் தட்டும் இசைக்கவை ரஷ்யனில் ‘கமெர்தோன்’. ஜெர்மானிய ‘கம்மர்தோன்’ (அறை இசைக்கான சுருதி) அப்படியே போய்க் கருவியின் பெயராகிவிட்டது. ஜெர்மனியில் அந்தச் சொல் சுருதியை மட்டும் குறிக்கும், கவையை அல்ல.

போலிஷில் கைபேசிக்கும் இதே வேர் என்கிறார்களே?

ஆம். பழைய கடன் ‘கொமோரா’, அறை. அதன் சிறுமைப் பெயர் ‘கொமூர்கா’, அறைக்குட்டி. உயிரணுவுக்கு அதையே வைத்தார்கள், ‘செல்’ என்பதற்கு லத்தீனில் சிற்றறை என்று பொருள் என்பதால். பிறகு செல்பேசி வந்ததும் மக்கள் நீட்டி முழக்காமல் அதையும் கொமூர்கா என்றார்கள். ஆக அங்கே கேமராவின் பேத்திக்குள் கேமரா இருக்கிறது. அதே வேரில் பிறந்த ‘கொமோர்னிக்’ வீட்டு வாசலில் நின்றால் சிரிக்க வேண்டாம்: நீதிமன்ற ஆணைப்படி சொத்தைப் பறிமுதல் செய்ய வந்த அலுவலர்.

‘இன் கேமரா’ விசாரணை என்றால் படம்பிடித்து நடத்துவதா?

நேர் எதிர். லத்தீன் தொடர் ‘இன் கமெரா’, அறைக்குள். நீதிபதியின் அறையில், பொதுமக்களும் செய்தியாளரும் இல்லாமல் நடப்பது. தமிழில் ‘மூடிய அறை விசாரணை’ அல்லது ‘தனி அறை விசாரணை’ என்பதே சரி. ‘கேமரா முன் விசாரணை’ என்று பெயர்த்தால் மறைக்க வேண்டியதைக் காட்டுவதாக ஆகிவிடும். இதுதான் இந்தச் சொல்லில் நிகழும் மிகக் கெடுதலான பிழை.

இங்கிலாந்தில் இதற்கான அடிப்படைத் தீர்ப்பு 1913இல் பிரபுக்கள் அவை அளித்த ‘ஸ்காட் எதிர் ஸ்காட்’: வெளிப்படையே விதி, மூடிய கதவு விலக்கு. அங்கே 1999இல் உரிமையியல் நடைமுறை விதிகள் மாறியபோது லத்தீன் தொடர் போய், ‘தனிப்பட்ட முறையில்’ என்று பொருள்தரும் எளிய ஆங்கிலம் வந்தது. மற்ற நாடுகளில் லத்தீன் இன்னும் புழங்குகிறது.

இதை இத்தாலிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே ‘இன் காமெரா’ என்றால் ‘விடுதி அறையில்’. காலை உணவை அறைக்கே கொண்டுவரச் சொல்லும் தொடர். நீதிமன்றத்தில் ‘ஆ போர்தே கியூசே’, கதவுகள் மூடியபடி. பிரெஞ்சில் ‘ஆ வீ க்லோ’, ஸ்பானிஷில் ‘ஆ புவெர்தா செர்ராதா’, இரண்டும் அதே கதவுதான்.

நிதியமைப்புகளுக்கு ஏன் இந்தப் பெயர்?

பணப்பெட்டி இருந்தது அரசரின் உள்ளறையில். அறையைக் காத்தவன் பணத்தையும் காத்தான். அதனால் ஜெர்மனி நகரங்களின் நிதித் தலைவர் இன்றும் ‘கெம்மரர்’. லண்டன் மாநகரின் ‘சேம்பர்லெய்ன்’ நிதி அதிகாரி. சுவீடனில் ‘கம்ரேர்’ கணக்கர். போப்பாண்டவரின் கருவூலமாக இருந்தது ‘காமெரா அப்போஸ்தோலிகா’; 2022இல் அது கலைக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் ‘கமெர்லெங்கோ’; அந்தப் பதவி இன்றும் உண்டு. போப் இறந்தால் அதை உறுதிசெய்வதும் அவருடைய அறைகளை முத்திரையிட்டு மூடுவதும் அவர் பொறுப்பு. 2025 ஏப்ரல் 21இல் போப் பிரான்சிஸ் மறைவை அறிவித்த கர்தினால் ஃபாரெல் வகித்தது இந்தப் பதவியைத்தான்.

அவைக்கு அறைப்பெயர் வந்தது இன்னும் எளிது: கூடும் இடத்தின் பெயர் கூடுவோருக்கு ஆனது. நெதர்லாந்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘முதல் காமர்’ மேலவை, 75 பேர். ‘இரண்டாம் காமர்’ கீழவை, 150 பேர். அரசியல் வலு அங்கேதான். ‘முதல்’ என்பதைப் பார்த்து முக்கியமானது என்று எழுதிவிடக் கூடாது. துருக்கியில் ‘கமரா’ கப்பல் அறை. பிரிட்டனின் இரு அவைகளுக்கும்கூட அதே சொல்.

காம்ரேட்டும் கேமராவும் சொந்தமா?

சொந்தம். ஸ்பானிஷ் ‘கமராதா’ முதலில் ஓர் ஆளைக் குறிக்கவில்லை. ஒரே அறையில் தங்கிய படைவீரர் கூட்டத்தைக் குறித்தது. பெண்பால் விகுதி அதனால்தான். பிறகு கூட்டத்தின் பெயர் ஒருவனுக்கு ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போயிற்று. ‘அறைத்தோழர்’ என்பது சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பு.

அரசியல் நிறம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியில் இடதுசாரிகள் ஒருவரையொருவர் ‘கொம்பான்யோ’ என்பார்கள். ‘கமெராதா’ என்று அழைத்துக்கொண்டவர்கள் முசோலினி கட்சியினர். இத்தாலியப் பொதுவுடைமையாளர் வாயில் கமெராதா வந்தால் அது மொழிபெயர்ப்பாளரின் பிழை. செக் மொழியில் ‘கமராத்’ அரசியலே இல்லாத நண்பன்.

உணவக ஊழியர்?

ஸ்பெயினில் ‘கமரெரோ’, இத்தாலியில் ‘கமெரியெரே’. அறைப் பணியாளர் என்ற பொருளிலிருந்து உணவு பரிமாறுபவர் ஆனார். மெக்சிகோவில் ‘மெசெரோ’ என்றே சொல்ல வேண்டும். பிரேசிலில் ‘கமரெய்ரா’ விடுதி அறையைத் துப்புரவு செய்பவர். அவரிடம் உணவுப் பட்டியல் கேட்டுப் பயனில்லை.

மருத்துவத்தில் இதயத்தின் ‘சேம்பர்’ லத்தீனிலும் கமெராவா?

இல்லை. உடற்கூற்று லத்தீனில் இதயத்தின் மேலறை ‘ஆத்ரியும்’, கீழறை ‘வென்த்ரிகுலுஸ்’. கண்ணுக்குத்தான் கமெரா: விழிவெண்படலத்துக்கும் கருவிழித் திரைக்கும் இடைப்பட்ட நீர் நிறைந்த இடம் ‘கமெரா ஆன்தேரியோர்’, முன்னறை. ஜெர்மனில் ‘ஹெர்ட்ஸ்கம்மர்’ என்பது இதயத்தின் கீழறை மட்டும். மேலறைக்கு ‘ஃபோர்ஹோஃப்’, முன்முற்றம். ‘நான்கு கம்மர்’ என்று பெயர்த்தால் நான்கும் கீழறையாகிவிடும். ஹங்கேரியிலும் ‘கம்ரா’ கீழறையே.

தமிழில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் எத்தனை?

நினைப்பதைவிட அதிகம். கேமரா, காம்ரேட் இரண்டும் வெளிப்படை. சேம்பர் பல வேலை பார்க்கிறது: நீதிபதியின் அறை, வணிகர் சங்கம், கொத்தனார் கழிவுநீர்க் குழாய் சந்திப்பில் கட்டும் தொட்டி, சூளையில் சுட்ட ‘சேம்பர் செங்கல்’. எல்லாவற்றிலும் நான்கு பக்கம் மூடிய இடம் ஒன்று ஒளிந்திருக்கிறது.

இலங்கை மலையகத் தமிழில் ‘காம்பரா’ என்றால் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு குடும்பம் வாழும் ஒற்றை அறை. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் வந்த சொல். ம-வுக்கும் ர-வுக்கும் நடுவே பிரெஞ்சில் நுழைந்த அதே ‘ப்’ இங்கேயும். சிங்களத்தில் ‘காமரய’ அறை. இந்தி ‘கம்ரா’ போர்ச்சுகீசு வழி வந்தது. வங்காளத்தில் ‘காம்ரா’ ரயில் பெட்டியின் உள்ளறைக்கும் ஆகும். டச்சு ஆண்ட இந்தோனேசியாவில் ‘கமார்’ அறை, ‘கமேரா’ கருவி. ‘கமார் கெச்சில்’ (சின்ன அறை) என்று கேட்டால் கழிப்பறைக்கு வழிகாட்டுவார்கள்.

சொந்தம்போல் தெரிந்து சொந்தமில்லாதவை?

ஸ்பானிஷ் ‘காமா’ (கட்டில்) வேறு. ‘கமரோன்’ (இறால்) லத்தீனின் ‘கம்மருஸ்’ என்ற நண்டுவகைப் பெயரிலிருந்து. ஜெர்மன் ‘கமீன்’ (கணப்பு) மேலே சொன்ன கமினுஸ் வழி. துருக்கி ‘கமெர்’ (நிலா) அரபியிலிருந்து வந்தது.

ஆவணத்தில் இந்தச் சொல் வந்தால் எந்த வரிசையில் முடிவெடுப்பது?

முதலில் மொழியும் நாடும். போர்ச்சுகல், பிரேசில் போல ஒரே மொழி இரு நாட்டில் மாறும். அடுத்து பெரிய எழுத்தா என்று பாருங்கள். வாக்கிய நடுவில் பெரிய எழுத்தென்றால் பெரும்பாலும் அமைப்பு. ஜெர்மனில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது, எல்லாப் பெயர்ச்சொல்லும் அங்கே பெரிய எழுத்து. மூன்றாவது, பின்வரும் அடைமொழி. அதுவும் இல்லையென்றால் வினையைப் பாருங்கள்: ‘வாக்களித்தது’ என்றால் அவை, ‘பஞ்சரானது’ என்றால் டியூப், ‘பதிவுசெய்தது’ என்றால் கருவி. இருநூறாண்டுக்கு முந்தைய சொத்துப் பட்டியல் என்றால் கருவி என்ற எண்ணத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1839க்கு முந்தைய தாளில் அறை, கருவூலம், வளைவுக் கூரை மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டின் ‘ராட்கிளிஃப் கேமரா’வில் என்ன கருவி இருக்கிறது?

புத்தகங்கள். 1737 முதல் 1749 வரை கட்டிய வட்டமான குவிமாட நூலகம், இன்று போட்லியன் நூலகத்தின் படிப்பறை. ஆங்கிலத்தில் படக்கருவி பிறக்கும் முன்பே வைத்த பெயர். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் விட்ருவியஸ் சொன்ன வளைந்த கூரை தலைக்கு மேல் இருக்கும்.